தட்டுல சோறு விழும்போது போடுற மாத்திரை

அப்பாவுக்கு ரத்தத்துல பாஸ்பரஸைக் குறைக்கறதுக்குன்னு ஒரு மாத்திரை, மருந்து சீட்டுல 1-1-1 னு எழுதியிருந்துச்சு. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இதுல புரியாம போக என்ன இருக்கு? மெடிக்கல் ஷாப்ல அந்த சின்ன காக்கி கவர்ல போட்டு மேல பேனாவால "சா.பி" னு கிறுக்கிக் குடுத்தாங்க, அதாவது சாப்பாட்டுக்குப் பின். எட்டு மாசம் அப்படியே போட்டோம், ஒரு வேளை கூட தவறல. எட்டு மாசமும் தப்பா போட்டிருக்கோம்னு ஒரு சிஸ்டர் கேட்ட ஒரே ஒரு கேள்வில தான் தெரிஞ்சுது. அதைத்தான் எழுதலாம்னு உக்காந்திருக்கேன், ஏன்னா டயாலிசிஸ் வார்டுல பக்கத்து பெட்காரங்ககிட்ட பேசிப் பாத்தா பாதிப் பேரு எங்களை மாதிரியே தான் போட்டுட்டு இருக்காங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது, வீட்டுல கிட்னி பேஷண்ட்டை வச்சுக்கிட்டு தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்ட ஒரு பொண்ணு, அவ்வளவுதான். டோஸ் எல்லாம் உங்க டாக்டர் சொல்றது தான் கணக்கு.

அப்பா அரசு பஸ்ல 27 வருஷம் கண்டக்டரா இருந்தவரு. திருச்சி துறையூர் ரூட்டு. சுகர் ரொம்ப வருஷமா இருந்துச்சு, கிரியாட்டினின் (கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறற கழிவு) ஏறி ஏறி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடது கைல ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயை இணைக்கற ஆபரேஷன்) போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. இப்ப வாரத்துக்கு மூணு சிட்டிங், செவ்வாய் வியாழன் சனி, ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம். தண்ணி அளவு, உப்பு, பொட்டாசியம், ட்ரை வெயிட்டு (உடம்புல தேங்கின தண்ணி போக இருக்கற எடை) இதெல்லாம் முதல் மாசத்துலயே மண்டைக்குள்ள ஏத்திட்டாங்க. பாஸ்பரஸ் மட்டும் யாரும் பெருசா சொல்லல. இல்ல, சொல்லியிருப்பாங்க, நாங்க காதுல வாங்கியிருக்க மாட்டோம். பொட்டாசியம் ஏறினா ஹார்ட்டு நின்னுடும்னு சொன்னா பயம் வருது, பாஸ்பரஸ் ஏறினா எலும்பு கெடும்னு சொன்னா சரி பாத்துக்கலாம்னு விட்டுடுறோம். "பாஸ்பரஸ்னா தீப்பெட்டில உரசுற பக்கத்துல இருக்குமே அதா பாப்பா?" னு அப்பா கேட்டாரு. அதேதான்பா, ஆனா நம்ம சாப்பாட்டுலயும் இருக்குன்னு சொன்னேன்.

ரிப்போர்ட்டுல பாஸ்பரஸ் 7.8 னு வந்துச்சு. சாதாரணமா 2.5 லேர்ந்து 4.5 க்குள்ள இருக்கணும், டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு 5.5 க்கு கீழ வந்தா பரவால்லன்னு எங்க டாக்டர் சொல்லுவாரு. 7.8 இருக்கும்போது அப்பாவுக்கு என்ன பண்ணுச்சுன்னா பெருசா ஒண்ணும் பண்ணல, அதான் இதுல உள்ள கஷ்டமே. ராத்திரி ஆனா அரிப்பு மட்டும் தாங்காது, பனைவிசிறியைத் திருப்பிப் பிடிச்சு காம்பால முதுகை சொறிஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு, அம்மா தேங்காய் எண்ணெய் தடவி விடுவாங்க, நாங்க சோப்பு மாத்திப் பாத்தோம், வேப்பிலைத் தண்ணில குளிக்க வச்சோம். உள்ளுக்குள்ள நடக்கறது வேற. பாஸ்பரஸ் ஏற ஏற கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பி கூடக் கூட வேலை செஞ்சு எலும்புலேர்ந்து கால்சியத்தை உருவுது, உருவின கால்சியமும் இந்த பாஸ்பரஸும் சேந்து ரத்தக்குழாய்ல, ஹார்ட்டு வால்வுல போய் படியுது. போர் தண்ணி பைப்புல வெள்ளையா உப்பு படியுமே, அந்த மாதிரி.

டயாலிசிஸ் தான் வாரம் மூணு தடவை பண்றோமே, அதுல போயிடாதான்னு கேட்டேன். டயட்டீஷியன் மேடம் ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுக் காமிச்சாங்க. ஒரு நாளைக்கு சாப்பாட்டுல சுமாரா 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள போகுது, அதுல 60 சதவீதம் ரத்தத்துல சேருதுன்னு வச்சாலும் வாரத்துக்கு 4200. ஒரு சிட்டிங்ல மெஷின் எடுக்கறது தோராயமா 800, மூணுக்கு 2400. மிச்சம் 1800 எங்க போகும்? வாரம் ரெண்டு சிட்டிங் மட்டும் பண்றவங்களுக்கு மிச்சம் 2600. சாப்பாட்டைக் குறைக்கறது பாதி, மாத்திரை பாதி, ரெண்டும் சேந்து தான் அந்த மிச்சத்தை அடைக்கணும். டயாலிசிஸுக்கு இன்னும் போகாத, கிரியாட்டினின் மட்டும் ஏறி இருக்கறவங்களுக்கும் இதே மாத்திரையை எழுதறாங்க, அங்க மெஷினும் கிடையாது, மிச்சம் இருக்கற கிட்னி தான்.

சரி, எங்க கதைக்கு வரேன். 7.8 க்கு இந்த மாத்திரையை ஆரம்பிச்சோம். செவலமர் கார்பனேட் 800. அடுத்த டெஸ்ட்டுல 7.6. டாக்டர் 2-2-2 ஆக்கினாரு. அடுத்தது 7.9. "ஐயா, சாப்பாட்டுல என்ன சேத்துக்கறீங்க?" னு டாக்டர் கேட்டா அப்பாவுக்குக் கோவம், நான் என்ன கறியா திங்கறேன், ரசம் சோறு தானே திங்கறேன்னு. ஒருநாள் மெஷின்ல போட்டுட்டு உக்காந்திருக்கும்போது வார்டு சிஸ்டர் சும்மா கேக்கற மாதிரி கேட்டாங்க, "அப்பா, மாத்திரையை எப்பப்பா போடுறீங்க?" அப்பா ரொம்பப் பெருமையா சொன்னாரு: சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து, எந்திரிச்சு, ஒரு மணி நேரம் கேப் விட்டு, எல்லா மாத்திரையும் மொத்தமா ஒரே மடக்குல. ராத்திரி மாத்திரை? அது படுக்கப் போறப்ப.

சிஸ்டர் தலைல கைய வச்சுக்கிட்டாங்க.

இந்த மாத்திரை மத்த மாத்திரை மாதிரி ரத்தத்துல கலந்து போய் வேலை செய்யறதில்லையாம். வயித்துலயும் குடலுலயும் இருந்துக்கிட்டு, சாப்பாட்டுலேர்ந்து வர்ற பாஸ்பரஸை அங்கயே பிடிச்சுக் கட்டிக்கிட்டு, மோஷன்ல வெளில போயிடும். அப்போ சாப்பாடு இருக்கற நேரத்துல மாத்திரை அங்க இருக்கணும். ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டா சாப்பாடு பாட்டுக்குக் கீழ இறங்கிப் போய், பாஸ்பரஸ் ரத்தத்துக்குப் போக ஆரம்பிச்சிருக்கும், மாத்திரை பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும். அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு சொன்னாரு, "பஸ்ஸு சத்திரம் பஸ் ஸ்டாண்டை விட்டு கிளம்பி மண்ணச்சநல்லூர் தாண்டின அப்புறம் நான் ஸ்டாண்டுல டிக்கெட் பையோட நின்னா கலெக்‌ஷன் எப்படி ஆகும்? அதானே?" அதே தான்னு சிஸ்டர் சிரிச்சாங்க. அன்னிக்கு அவரே புரிஞ்சுக்கிட்டது, அப்புறம் நாங்க யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கல. இப்ப புதுசா யாரு வார்டுக்கு வந்தாலும் அவங்களுக்கு இந்த பஸ் கதை இலவசம்.

கவர்ல எழுதின "சா.பி" யும் பொய் இல்ல, எல்லா மாத்திரைக்கும் எழுதற மாதிரி எழுதிட்டாங்க. ஆனா இதுக்கு எழுத வேண்டியது "சாப்பாட்டோட". தட்டுல சோறு போட்டதும் மாத்திரையும் தட்டு பக்கத்துல வந்துடணும். ரெண்டு மாத்திரை இருந்தா அப்பா ஒண்ணை முதல் ரெண்டு வாய்க்குள்ளயும் இன்னொன்னை பாதி சாப்பாட்டுலயும் போடுறாரு, டாக்டர் அப்படியும் போடலாம்னாரு. சாப்பிட்டு கை கழுவினப்ப தான் ஞாபகம் வந்துச்சுன்னா உடனே போட்டுக்கலாம், ரெண்டு மணி நேரம் கழிச்சு ஞாபகம் வந்தா அதை விட்டுடணும், அடுத்த வேளைக்கு சேத்து நாலா போடக் கூடாது.

இன்னொரு விஷயம், 1-1-1 னு எழுதினாலும் அது கடிகாரத்துக்கு எழுதினது இல்ல, சாப்பாட்டுக்கு எழுதினது. அம்மாவுக்கு இதை ஏத்துக்கவே முடியல. அப்பா பசிக்கலன்னு மதியம் வெறும் ரெண்டு வாய் தயிர் சாதத்தோட எந்திரிச்சுட்டாலும், "மாத்திரையாவது போட்டுக்கோங்க" ன்னு குடுப்பாங்க. வேற மாத்திரைக்கு அது சரி. இதுக்கு சாப்பாடே இல்லன்னா கட்டிப்போட ஒண்ணும் இல்ல, அந்த வேளை மாத்திரையும் வேணாம். போன ஐப்பசில காய்ச்சல் வந்து நாலு நாள் கஞ்சித் தண்ணி மட்டும் குடிச்சாரு, அப்ப டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டேன், சாப்பாடு திரும்பி வர்ற வரைக்கும் நிறுத்துங்கன்னாரு. பாஸ்பரஸ் ரொம்ப இறங்கினாலும் நல்லதில்லையாம், கை கால் சத்தில்லாம தொய்ஞ்சுடுமாம். இது எனக்குப் புதுசு, இறங்க இறங்க நல்லதுன்னு தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும் இருக்கு. டயாலிசிஸ் முடிஞ்சதும் அப்பா நேரா கேன்டீனுக்குப் போய் ஒரு பன்னு, பால் டீ, சில நாள் முட்டை போண்டா. நாலு மணி நேரம் படுத்துட்டு வர்றவருக்குப் பசிக்கத்தான் செய்யும். அது கணக்குலயே வரல! வீட்டுல சாப்பிடற மூணு வேளைக்குத் தான் மாத்திரை, மாத்திரை டப்பா வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல. டாக்டர்கிட்ட சொன்னதும் அந்த நாளுக்கு மட்டும் காலை டோஸ்ல ஒண்ணை எடுத்து கேன்டீனுக்கு மாத்தினாரு, மொத்த எண்ணிக்கை அதேதான். பாஸ்பரஸ் எந்த சாப்பாட்டுல அதிகமோ அங்க மாத்திரை அதிகம், இட்லி ரெண்டு மட்டும்னா கம்மி, இப்படி பிரிச்சுக் குடுக்கறாங்க. நாமளா கூட்டக் கூடாது, ஆனா எந்த வேளைக்கு என்ன சாப்பிடறோம்னு டாக்டருக்கு ஒழுங்கா சொன்னா அவரே பிரிச்சுக் குடுப்பாரு. இப்ப அப்பா சட்டைப் பைல பழைய சில்லறை டப்பா ஒண்ணு இருக்கு, அதுல மாத்திரை நாலு எப்பவும் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலை போட்டதும் சில்லறை டப்பா வெளில வந்துடும்.

மாத்திரை ரொம்பப் பெருசு, அது ஒரு பிரச்சனை. அம்மா அரிவாள்மனைல வச்சு ரெண்டா வெட்டிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க, ஒருநாள் இடிச்சுப் பொடியாக்கித் தேன்ல கூட குழைச்சாங்க. செவலமர் மாத்திரையை வெட்டக் கூடாது, மெல்லக் கூடாது, முழுசா முழுங்கணும். ஈரம் பட்டா அது உப்பிக்கும், வெட்டின துண்டு தொண்டைல நின்னு உப்பினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முழுங்கவே முடியாதவங்களுக்கு இதே மருந்து தண்ணில கலக்கற பவுடராவும் வருது, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம். முழுங்க சிரமம், சாப்பாடு தொண்டைல நிக்குது, முன்னாடி குடல்ல ஆபரேஷன் நடந்திருக்குன்னா இந்த மாத்திரையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும். நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சோம், ஆறு மாத்திரைக்கும் தனித்தனியா தண்ணி குடிச்சா நாள் கோட்டாவுல கால்வாசி அதுலயே போயிடுது, அதனால குழைஞ்ச ரசம் சோத்து உருண்டையோட சேத்து முழுங்கறாரு, ஒரு வாய் தண்ணி போதும்.

ஆனா எல்லா மாத்திரையும் முழுங்கறது இல்ல, இதுல தான் பெரிய குழப்பமே. லாந்தனம்னு ஒண்ணு இருக்கு, அதை நல்லா மென்னு பொடியாக்கித் தான் உள்ள தள்ளணும். பக்கத்து பெட் அக்கா ஒருத்தங்க, கரூர் பக்கம், அவங்க லாந்தனத்தை மூணு மாசமா முழுசா முழுங்கியிருக்காங்க, பல்லு சரியில்லாததால. வயித்து வலின்னு எக்ஸ்ரே எடுத்தா வயித்துக்குள்ள அங்கங்க வெள்ளை வெள்ளையா புள்ளி, எக்ஸ்ரேல அது உலோகம் மாதிரி பளிச்சுனு தெரியுமாம். பல்லு இல்லாதவங்களுக்கு அதை நல்லாப் பொடிச்சுக் குடுக்கச் சொல்லுவாங்க. அப்ப ஒண்ணை வெட்டவே கூடாது, இன்னொன்னை நொறுக்கியே ஆகணும். அதனால வார்டுல "அக்கா, எனக்கு மாத்திரை தீந்து போச்சு, உங்ககிட்ட மிச்சம் இருந்தா ஒரு அட்டை குடுங்க" ன்னு மாத்திக்கறாங்க பாருங்க, அது வேணவே வேணாம். விலை ஜாஸ்தி, எனக்கும் புரியுது, மாசக் கடைசில எங்க வீட்டுலயும் அட்டையை எண்ணிக்கிட்டு தான் இருப்போம். அப்படி முடியலன்னா அதையே டாக்டர்கிட்ட வாய விட்டு சொல்லிடறது நல்லது, வேற மாத்திரை இருக்கு. இரும்புச் சத்துல செஞ்ச மாத்திரை கூட வருது, அது போட்டா மோஷன் கருப்பா போகும், பயப்பட வேண்டாம்னு சொல்லித்தான் குடுப்பாங்க. ஆனா தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நாத்தம் அடிச்சு கூடவே தலை சுத்தலும் இருந்தா மாத்திரை மேல பழியைப் போட்டுட்டு சும்மா இருக்கக் கூடாது, அது ரத்தமா இருக்கலாம், உடனே காமிக்கணும்.

செவலமருக்கு முன்னாடி, டயாலிசிஸ் ஆரம்பிச்ச புதுசுல, அப்பாவுக்குக் குடுத்தது கால்சியம் மாத்திரை தான், விலை கம்மி. அதுலயும் இதே கூத்து. கால்சியம் கார்பனேட்டை சாப்பாட்டோட போட்டா பாஸ்பரஸைக் கட்டும். சாப்பாடு இல்லாத நேரத்துல, படுக்கப் போறப்ப போட்டா அது வெறும் கால்சிய டானிக், நேரா ரத்தத்துல ஏறும். நாங்க எப்படிப் போட்டிருப்போம்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. பாஸ்பரஸும் குறையல, கால்சியம் 10.9 க்கு ஏறிப் போச்சு, கூடவே கால்சிட்ரியால்னு ஒரு வைட்டமின் டி மருந்து வேற போட்டுக்கிட்டிருந்தாரு, அது சாப்பாட்டுலேர்ந்து கால்சியத்தை இன்னும் இழுத்து உள்ள விடும். டாக்டர் கேள்வி மேல கேள்வியா கேட்டுக்கிட்டே வந்து கடைசில "ஐயா, வெத்தலை போடுவீங்களா?" ன்னாரு. ஒரு நாளைக்கு எட்டு தடவை. சுண்ணாம்போட. அந்த சுண்ணாம்பும் கால்சியம் தான்! நாங்க யாரும் அதை ஒரு மருந்தாவோ சாப்பாடாவோ நினைச்சதே இல்ல, அதனால யார்கிட்டயும் சொன்னதும் இல்ல. வெத்தலை நின்னுச்சு, கால்சியம் மாத்திரையும் நின்னுச்சு, அதுக்கப்புறம் தான் செவலமர் வந்துச்சு. ரத்தக்குழாய்ல படியுற பயத்தால இப்பெல்லாம் கால்சியம் மாத்திரையை அளவாத்தான் குடுக்கறாங்க, போடுறவங்க கால்சியம் டெஸ்ட்டையும் மறக்காம பாத்துக்கணும்.

மலச்சிக்கல் விஷயத்தை எழுதணுமான்னு யோசிச்சேன், அப்பா படிச்சா திட்டுவாரு. எழுதிடறேன். எங்களை நிஜமா பயமுறுத்தினது அது தான். டயாலிசிஸ்காரங்களுக்குத் தண்ணியும் கம்மி, பொட்டாசியத்துக்குப் பயந்து பழம் கீரையும் கம்மி, நடையும் கம்மி, இதுக்கு மேல இந்த மாத்திரை குடல்ல போய் உப்பிக்கிட்டு உக்காரும். 2-2-2 ஆக்கின மாசம் நாலு நாளா அப்பா மோஷன் போகல, வெளில சொல்லவும் இல்ல. வயிறு கல்லு மாதிரி. எதிர்வீட்டு மாமா நல்ல மனசோட ஒரு வெள்ளைக் கலர் மருந்து பாட்டிலைக் கொண்டாந்து குடுத்தாரு, ரெண்டு மூடி ஊத்திக் குடும்மா காலைல சரியாயிடும்னு. மூடில ஊத்திட்டேன் கூட. என்னமோ தோணி பாட்டிலைத் திருப்பிப் பாத்தா மெக்னீசியம்னு போட்டிருக்கு. வார்டுக்கு போன் அடிச்சேன். குடுக்கவே குடுக்காதீங்கன்னாங்க, கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு மெக்னீசியம் வெளில போகாம ரத்தத்துல ஏறி ஆளைச் சுருட்டிப் போட்டுடுமாம். அப்பறம் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் குடுத்தாங்க, அது எங்களுக்கு சரிப்பட்டு வந்துச்சு. இப்ப அப்பா ரெண்டு நாள் போகலன்னாலே சொல்லிடணும்னு வீட்டுல சட்டம். வயிறு உப்பி, வலி தாங்காம, வாந்தி வேற எடுத்து, காத்து கூட பிரியலன்னா சிரப் கிரப் எல்லாம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி தான், குடல் அடைச்சுக்கற அளவுக்குப் போறது அபூர்வம், ஆனா போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. இன்னொன்னு, குடலை சுத்தம் பண்றதுக்குன்னு குடுக்கற சில மருந்தும் எனிமாவும் சோடியம் பாஸ்பேட்ல செஞ்சது. பாஸ்பரஸைக் குறைக்க மாசாமாசம் காசைக் கொட்டிக்கிட்டு, ஒரே பாட்டில்ல அதை மொத்தமா உள்ள ஊத்தற கதை. கொலனோஸ்கோப்பி மாதிரி எதுக்காவது போனா, டயாலிசிஸ் பேஷண்ட்டுன்னு முதல் வார்த்தையா சொல்லிடுங்க.

நெஞ்செரிச்சலுக்குக் கடைல கேக்காமலே வாங்கற ஆன்டாசிட் சிரப்பும் இதே கேஸ் தான், நிறைய பிராண்டுல அலுமினியமும் மெக்னீசியமும் சேந்து இருக்கு. வேடிக்கை என்னன்னா ஒரு காலத்துல அலுமினிய மருந்து தான் பாஸ்பரஸுக்கே குடுத்தாங்களாம், 1970கள்ல டயாலிசிஸ்ல இருந்தவங்களுக்கு அந்த அலுமினியம் மூளைலயும் எலும்புலயும் சேந்து, பேச்சு குழறி, ஞாபகம் போய், எலும்பு ஒடிஞ்சு பெரிய பாடாயிடுச்சு. மாத்திரை மட்டும் இல்ல, டயாலிசிஸுக்கு எடுத்த தண்ணிலயும் அலுமினியம் இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் கால்சியத்துக்கு மாறி, கால்சியத்துலேர்ந்து செவலமர் லாந்தனத்துக்கு வந்திருக்காங்க.

அடுத்தது மத்த மாத்திரைங்க. ஒரு மடக்குல எல்லாத்தையும் போடுறது அப்பாவோட பெருமைன்னு சொன்னேன்ல. இந்த மாத்திரைக்கு எது பாஸ்பரஸ் எது மருந்துன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, பக்கத்துல வந்த சில மருந்தையும் சேத்துக் கட்டிக்கிட்டுப் போயிடும். அப்பா தைராய்டு மாத்திரை போடுறாரு, முன்னாடி அது காலைல 6 மணிக்கு வெறும் வயித்துல, எட்டரைக்கு இட்லியும் செவலமரும். டிஎஸ்ஹெச் (தைராய்டு மாத்திரை பத்தலன்னா ஏறற டெஸ்ட்) ஏறிக்கிட்டே போச்சு, தைராய்டு டோஸைக் கூட்டிக் கூட்டிப் பாத்தாங்க. நாலு மணி நேரமாவது இடைவெளி வேணுமாம். இப்ப ராத்திரி 7 மணிக்கு சாப்பாடு, 11 மணிக்கு தைராய்டு மாத்திரை, அது வரைக்கும் டிவில பழைய படம் பாத்துக்கிட்டு முழிச்சிருக்காரு, எங்க தூக்கம் தான் போச்சு. காய்ச்சலுக்கு ஒரு தடவை கிளினிக்ல சிப்ரோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அதையும் இது கட்டிடும், செவலமருக்கு 2 மணி நேரம் முன்னாடி போடணும் இல்லன்னா 6 மணி நேரம் கழிச்சு. மூணு வேளையும் செவலமர் போடுறவருக்கு பகல்ல அப்படி ஒரு நேரம் எங்க கிடைக்கும்? டாக்டர் அஞ்சு நாளைக்கு நேரத்தை எல்லாம் மாத்தி எழுதிக் குடுத்தாரு. கால்சியம் மாத்திரை போடுறவங்களுக்கு இரும்பு மாத்திரையும் இதே சிக்கல். அதனால புதுசா எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல்லு டாக்டரா இருந்தாலும், இந்த அட்டையைக் கைல எடுத்துட்டுப் போய்க் காமிக்கிறோம்.

சாப்பாட்டைப் பத்தி தனியா ஒரு நாள் எழுதணும், இப்ப கொஞ்சம் மட்டும். ஒரு மாத்திரை கட்டிப்போடுறது சில பத்து மில்லிகிராம் பாஸ்பரஸ் தான். 100 மில்லி பால்லயே 90 கிட்ட இருக்கு. அதனால "மாத்திரை தான் போடுறோமே, ஒரு பிடி பிடிக்கலாம்" ன்னா கணக்கு இடிக்கும். எங்க வீட்டுல பெரிய திருடன் கருவாடு, அதுவும் முள்ளோட மெல்லுற நெத்திலி. அடுத்தது சத்து மாவுன்னு அம்மா பாசமாக் கலக்கிக் குடுத்த பானம். பருப்பு, தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல பாதி கூட உடம்புல சேராதாம், கறி பால்ல பாதிக்கு மேல சேருமாம், ஆனா பாக்கெட்டுல அடைச்சு வர்றதுல சேக்கற பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட மொத்தமா ரத்தத்துக்குப் போயிடும். அதனால இப்ப கடைல பாக்கெட்டைத் திருப்பி, உள்ள என்ன சேத்திருக்காங்கன்னு குறிக்கற ஐஎன்எஸ் நம்பர்ல 338, 339, 340, 341, 450, 451, 452 இருக்கான்னு பாக்கறேன், இருந்தா வச்சுட்டு வந்துடுவேன். கருப்புக் கலர் கோலால இருக்கறது அந்த 338 தான். கடைக்காரர் என்னை வித்தியாசமா பாக்கறாரு, பாக்கட்டும். இட்லி மாவு புளிக்கும்போது உளுந்துல இருக்கற பாஸ்பரஸ் கொஞ்சம் அவிழ்ந்து ஈசியா சேர்ற மாதிரி ஆயிடும்னு மேடம் சொன்னப்ப மட்டும் நான் காதைப் பொத்திக்கிட்டேன். இட்லியையும் விட்டா இந்த மனுஷன் என்னத்தைத் திம்பாரு? இட்லிக்கு மாத்திரை உண்டு, இட்லியும் உண்டு, இது எங்க வீட்டு உடன்படிக்கை.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்றதுன்னு ஒண்ணு இருக்கே. எங்க விஷயத்துல டாக்டர் 1-1-1 ஐ 2-2-2 ஆக்கினது, அப்பா ஒழுங்கா போட்டும் குறையலன்னு நம்பி. மூணாவது தடவை 3-3-3 ஆக்கலாம்னு பேனாவை எடுத்திருந்தாரு. ஒன்பது மாத்திரை! அந்த சிஸ்டர் கேக்கலன்னா அதையும் ஒரு மணி நேரம் கழிச்சுத் தான் போட்டிருப்போம். இப்ப நான் ஒரு பழைய டைரில எத்தனை போட்டாரு, எத்தனை விட்டுப் போச்சுன்னு எழுதி வைக்கிறேன், விட்டுப் போனதையும் மறைக்காம. டாக்டர் திட்டல, அதை வச்சுத்தான் எழுதறாரு.

நேரத்தை மட்டும் மாத்தின முதல் மாசம் 2-2-2 லயே 6.4. கருவாடு போய், கேன்டீன் மாத்திரை வந்து, அதுக்கப்புறம் 5.6, போன மாசம் 5.1. அரிப்பு முழுசா போகல, பாதி ராத்திரி தூங்கறாரு. பனைவிசிறி இப்ப கரண்ட் போனா வீசறதுக்கு மட்டும்.

நேத்து சாயங்காலம் கேன்டீன்லேர்ந்து போன். "பாப்பா, ரெண்டு வாழைக்காய் பஜ்ஜிக்கு எத்தனை மாத்திரை?" வாழைக்காய்னா பொட்டாசியம்பா, பஜ்ஜியே வேணாம்பான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சரி, சிக்னல் சரியில்ல" ன்னு வச்சுட்டாரு.